யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருப்பது? – சந்தவாசல் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

சந்தவாசல், படவேடு, கண்ணமங்கலம் பகுதிகளிலும் மேலே ஜவ்வாது மலைக் கிராமங்களிலும் குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் கணவர்கள், மகன்கள், மாமியார்கள், பெரியவர்கள் அனைவருக்கும்,

உடம்பில் ஓர் அறிகுறியை முதன்முதலாகக் கவனித்த நாளுக்கும், அதைச் சொல்லிக்கொண்டு மருத்துவர் முன்னால் போய் உட்காரும் நாளுக்கும் நடுவே ஓடிப்போகும் காலம், புற்றுநோயில் பல உயிர்களைத் தீர்மானிக்கிறது. 1938இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் பேக், ஜேம்ஸ் கேலோ என்ற இரு மருத்துவர்கள் இதை முறையாக ஆராய்ந்து, மூன்று மாதத்தைத் தாண்டினால் தாமதம் என்று ஒரு கோடு போட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் அந்தக் கோட்டை வைத்தே அளந்தன. மார்பகப் புற்றுநோய் பற்றிய 87 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மூன்று மாதமும் அதற்கு மேலும் தாமதித்தவர்களில் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள், சீக்கிரம் வந்தவர்களைவிட 12 சதவீதம் குறைவு. நூறு பெண்களில் பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண் இல்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

இந்த மடல் நோயாளிக்கு எழுதப்படவில்லை, உங்களுக்கு எழுதப்படுகிறது. நம் கிராமங்களில் ஒரு பெண் மருத்துவமனைக்குக் கிளம்பும் நாளை அவள் மட்டும் முடிவு செய்வதில்லை. பணம் யார் கையில் இருக்கிறது, யார் வண்டி எடுப்பார்கள், அன்றைக்கு யார் சமைப்பார்கள், மாட்டை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே அவள் கிளம்ப முடிகிறது. அந்த விடைகள் உங்களிடம் இருக்கின்றன.

முதல் தாமதம் அறிகுறியை இனங்காண்பதிலேயே நேர்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காமல் தொடங்குகிறது. மார்பில் வரும் கட்டி, சுற்றியுள்ள நரம்பையோ தோலையோ எலும்பையோ தொடும்வரை வலி தராமலே வளரக்கூடும். கர்ப்பப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் தோன்றி அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலம் முழுவதும் உடம்பு எந்தச் சேதியும் சொல்வதில்லை. உழைக்கிறவர்களின் வீட்டில் நோயை அளக்கும் கோல் வலிதான். வேலை செய்ய முடிகிறவரை நோய் இல்லை என்பது கணக்கு. ‘வலியே இல்லியே, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?’ என்ற கேள்வி அந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது. இந்த ஒரு நோயில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வலி வந்த பிறகு கிளம்புகிறவர், நோய் வெகுதூரம் போன பிறகு கிளம்புகிறார்.

அதோடு ஒவ்வொரு அறிகுறிக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. வெள்ளைப்படுதல் என்றால் உடம்புச் சூடு. மாதவிலக்கு நின்று பல ஆண்டு கழித்து ரத்தம் பட்டால், மறுபடியும் தூரம் வந்துவிட்டது என்று எண்ணம். வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டது. குரல் கம்மினால் சளி. சோறு இறங்காவிட்டால் வாயு. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம். ஆள் இளைத்துப்போனால் கவலை. இந்த விளக்கங்கள் முட்டாள்தனமானவை அல்ல; பெரும்பாலான நேரங்களில் காரணம் புற்று இல்லைதான். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில்கூடப் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை. சாதாரணமானதையும் ஆபத்தானதையும் வீட்டில் இருந்தபடி பிரித்தறிய ஒரே சல்லடை காலம்தான். சூட்டுப்புண் ஒரு வாரத்தில் ஆறும். சளிக் குரல் பத்து நாளில் தெளியும். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல் அல்லது இருமல், மார்பிலோ கழுத்திலோ அக்குளிலோ தங்கிவிட்ட கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகோ கணவனோடு சேர்ந்த பிறகோ படும் ரத்தம் ஆகியவற்றுக்கு வீட்டு விளக்கம் போதாது. கடைசியாகச் சொன்ன ரத்தத்துக்கு இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டியதில்லை.

அறிகுறி தெரிந்த பிறகு வெட்கம் குறுக்கே நிற்கிறது. இந்த வட்டாரத்துக்கு அதன் விலை நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், திண்டிவனத்தில் மருத்துவராக இருந்த தந்தையின் வீட்டுக்கு வந்திருந்த ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். ஐடா அப்போது மருத்துவம் படித்தவர் இல்லை. ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துப்போக மூவரும் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்று நீங்கள் சி.எம்.சி. என்று சொல்லும் மருத்துவமனை. சந்தவாசலிலிருந்து பேருந்து ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் அது நிற்கிறது. அன்று அந்த மூன்று பெண்களையும் யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுத்தவர்கள் கணவர்கள்.

இன்று அந்த மறுப்புக்குத் தேவையே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் போலப் பொறுத்துப் பார்க்கிறார்கள். மாற்றம் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. இந்த எளிய முறை உயிர் காக்குமா என்பதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையத்தை நிலைக்களமாகக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமப் பெண்களிடம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு அது. செவிலியர்கள் ஒரே ஒரு முறை செய்த இந்தப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் புற்று வருவதை 25 சதவீதமும் அதனால் ஏற்படும் சாவை 35 சதவீதமும் குறைத்ததாக 2007இல் முடிவு வெளியானது. அதே ஆண்டில் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. உங்கள் மருமகளைப் போல வயலுக்குப் போய் வருகிற, கூலிக்குப் போகிற பெண்களை வைத்துக் கிடைத்த முடிவு இது.

இனி, இந்த மடலின் மையமான செய்தி. நோயாளிகள் ஏன் தாமதிக்கிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த நேர்காணல் ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கட்டுரை, அறிகுறியைப் புரிந்துகொள்ளாமை, அச்சம் ஆகியவற்றோடு இன்னொன்றையும் சொன்னது. பக்கத்தில் இருப்பவர்கள் ‘போய்க் காட்டு’ என்று சொல்லும்வரை பலர் போவதில்லை. போகச் சொல்லி இன்னொருவர் கொடுக்கும் அனுமதி, பலருக்கும் முக்கியமான தூண்டுதலாக இருக்கிறது. பல நாடுகளிலும் இப்படி என்றால், மாமியாரிடம் சொல்லி, மாமியார் மகனிடம் சொல்லி, மகன் நாள் பார்த்துக் கிளம்பும் வீடுகளில் அந்த அனுமதியின் கனம் எவ்வளவு இருக்கும்?

அந்த அனுமதி மறுக்கப்படுவது அரிது. தள்ளிப்போடப்படுவதுதான் வழக்கம். ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம், ஆடி முடியட்டும். நெல்லு அறுத்துட்டுப் போகலாம். பெரியவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு, அது நல்லபடியா முடியட்டும். பையனுக்குப் பரீட்சை. மலையில் சாமை அறுப்பு. இல்லையென்றால் வீட்டுக்காரர் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போயிருக்கிறார், வந்ததும் போகலாம். ஒவ்வொரு காரணமும் உண்மை, ஒவ்வொன்றும் நியாயம். ஆனால் இரண்டை அடுக்கினால் மூன்று மாதம் போய்விடுகிறது. வேளாண்மை வீட்டில் சும்மா இருக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே எல்லாம் முடிந்த பிறகு என்று நினைக்கும் நாள் வருவதே இல்லை. கட்டி அந்தப் பட்டியலைப் பார்த்து நிற்பதும் இல்லை. மார்போடு இருந்தது அக்குள் நெறிக்குப் போகிறது. அங்கிருந்து எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகிறது. ஒரு சிறிய அறுவையோடு நின்றிருக்கக்கூடிய சிகிச்சை, அதற்குள் மாதக்கணக்கான மருந்தும் ‘கரண்ட் வைக்கும்’ கதிர்வீச்சும் ஆகிவிடுகிறது. கல்யாணத்துக்காகச் சேமித்த பணமும் அதிலேயே போகிறது.

இதில் அந்தப் பெண்ணின் மௌனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த மௌனத்தைக் கற்பித்தவர்கள் யார்? ‘உனக்கு வேற வேலையே இல்லியா’ என்ற ஒரு சொல்லை ஒரு முறை கேட்டவள் அடுத்த முறை சொல்வதில்லை. தன் உடம்புக்காகச் செலவு செய்யச் சொல்வதைப் பல பெண்கள் வீட்டுக்கு இழைக்கும் குற்றம்போல நினைக்கிறார்கள். குளிக்கும்போது கையில் பட்டதை அவள் மாதக்கணக்கில் புடவைக்குள்ளேயே வைத்திருக்கிறாள் என்றால், அது அவள் அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வீட்டாருக்கு வழியில்லை.

ஆண்களின் கதை வேறு விதம். அவர்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஹான்ஸோ புகையிலையோ அடக்கிய கன்னத்தில் வெள்ளைத் திட்டோ சிவந்த புண்ணோ வந்தால், அதைக் காட்டினால் முதலில் பழக்கத்தைத்தான் கேட்பார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. வாயைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே தூண்ட வேண்டியவர் மனைவி. ‘வாயைக் காட்டு’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவர் பயன்படுத்தட்டும்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்துநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள் என்று ஊரில் எல்லோரும் நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முற்றிய நிலையில் போனவர்கள் இறக்கிறார்கள். அந்தச் சாவுக்கு ஊரே போகிறது. சீக்கிரம் போய்க் குணமானவர்கள் வெளியில் சொல்வதில்லை. மகளுக்கு வரன் தட்டிப்போகும், அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று மறைத்துவிடுகிறார்கள். ஆக, ஊர் கண்ணுக்குத் தெரிவது சாவுகள் மட்டும். அந்தச் சாவுகளைப் பார்த்து இன்னொருத்தி தாமதிக்கிறாள், முற்றிய பிறகு போகிறாள், அவளும் சாகிறாள், நம்பிக்கை உறுதிப்படுகிறது. குணமான ஒருவர் வாய் திறந்தால் இந்தச் சுழல் கொஞ்சம் அறும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிறுவனம் எழுபது ஆண்டுகளாகச் சிகிச்சை தந்துவருகிறது. அங்கே வாழ்நாள் முழுவதும் உழைத்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை, இந்த நோயைச் சீக்கிரம் கண்டறிவதன் முக்கியத்துவத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊரில் உலவும் இரண்டு பேச்சுகள் தனியாகக் கேடு செய்கின்றன. ‘கத்தி பட்டா பரவிடும், ஊசி குத்தினா பரவிடும்’ என்பது ஒன்று. சதைப் பரிசோதனை செய்யாமல் அது புற்றா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, எந்த மருந்து என்று முடிவு செய்யவும் முடியாது. பரவியது ஊசியால் இல்லை. ஊசிக்கு முன்னால் கழிந்த மாதங்களில் பரவியது, ஊசிக்குப் பிறகு தெரியவந்தது. மற்றொன்று, ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொட்டுப் பராமரிப்பதாலோ புற்றுநோய் யாருக்கும் ஒட்டாது. நோயாளிக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடு, அடுத்த நோயாளியை மறைக்கக் கற்றுக்கொடுக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை உங்கள் கவலை உண்மையானது. ஆனால் அதிலும் ஒரு தவறான எண்ணம் கலந்திருக்கிறது. பக்கத்தில் பெரிய மருத்துவமனை இருப்பதால், காட்டுவதென்றால் அங்கேதான் காட்ட வேண்டும், அதற்குப் பணம் சேரட்டும் என்று சில குடும்பங்கள் காத்திருக்கின்றன. முதல் பரிசோதனைக்கு அங்கே போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். மேலே அனுப்ப வேண்டியிருந்தால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அந்த அட்டைக்குக் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

எல்லாத் தாமதத்தையும் உங்கள் தலையில் ஏற்றுவது நியாயம் இல்லை. மலை மேலிருந்து இறங்கி வர ஒரு நாள் முழுவதும் போய்விடுகிற ஊர்களுக்கு, பரிசோதனை மேலே ஏறிப் போக வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மருந்து வந்தது. 2023இல் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்கான முறையான பரிசோதனை நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, இதே மலையின் மேற்குச் சரிவு அடங்கிய திருப்பத்தூர் மாவட்டம் அவற்றில் ஒன்று. மலைக்கு இந்தப் பக்கத்து ஊர்களும் அதே அக்கறையைக் கேட்டு வாங்க வேண்டும்; கிராம சபையில் அதைக் கேட்கக் குடும்பத் தலைவர்களுக்கு உரிமை இருக்கிறது. மருத்துவத் துறையிலும் தாமதம் உண்டு. சாதாரணம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்கள், பரிசோதிக்காமலே மூலத்துக்கு மருந்து வாங்கியவர்கள் பலர். ஒரு முறை காட்டியும் குறையாவிட்டால் மறுபடி காட்டுவது மரியாதைக் குறைவு ஆகாது. ‘இது புற்று இல்லை என்று எப்படித் தெரியும்?’ என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

சீக்கிரம் போனால் எல்லாம் குணமாகும் என்று வாக்குறுதி தருவதும் பொய்யாகிவிடும். கணையப் புற்று போன்ற சில வகைகள் முற்றும்வரை அறிகுறி காட்டுவதில்லை. ஆனால் இந்தியாவில் அதிகம் காணப்படும் மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றும் கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ சீக்கிரம் கண்டுபிடிக்கக் கூடியவை. நாட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் 14 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கீடு மதிப்பிடுகிறது. இந்த மூன்றில் தாமதத்தைக் குறைத்தாலே பல சாவுகளுக்கு அணை போடலாம். அம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் நாட்டு மருந்து கொடுப்பதையும் யாரும் தடுக்கவில்லை. வேண்டுதல் முடித்த கையோடு மருத்துவரிடமும் போகலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இந்த வாரம், வீட்டில் முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் ஆறாத புண், மறையாத கட்டி, காலம் தவறிய ரத்தம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். மாமியார் மருமகளிடம் கேட்கட்டும், மகள் அம்மாவிடம் கேட்கட்டும், மனைவி கணவரிடம் கேட்கட்டும். கேட்டது வெளியில் போகாது என்ற உறுதியோடு கேளுங்கள். இருக்கிறது என்று பதில் வந்தால், அறுப்பும் விசேஷமும் எந்தத் தேதியில் இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்துக் கேளுங்கள். அறிகுறி ஒன்றும் இல்லை என்றாலும், முப்பது வயதைத் தாண்டிய பெண்களைக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ‘எனக்குக் காட்டணும்’ என்று வீட்டில் யார் சொன்னாலும், காரணம் கேட்காமல் பேருந்துக்குக் காசு கொடுங்கள்; முடிந்தால் கூடவே போங்கள். வெளியூரில் வேலை செய்யும் மகன்கள், தாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.